பரவாயில்லை என்றவள்

குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக வேலை பார்க்கும் அவளுக்கு 'முழுக்கை' என்று பட்டப்பெயர். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டைதான். முழுக்கைக்கு மட்டும் வருஷம் பூராவும் குளிர்காலம் என்று சமையல்காரம்மா கேலி செய்வாள். அவளும் சிரித்துவைப்பாள். துணிக்குள் இருப்பது தெரியாத வரைக்கும் எந்தக் கேலியும் அவளுக்குச் சம்மதம்.

அன்று காலை ஒரு குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது அது விளையாட்டாய்ச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. சிவந்து தடித்து, வெடித்து, நீர் கசியும் தோல். பால் டம்ளரோடு எதிரே நின்ற சமையல்காரம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னடி இது? ஒட்டிக்கிற வியாதியா?"

நிர்வாகி அம்மாள் கத்தவில்லை. பெற்றவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன், இது பரவாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றாள்.

பரவுமா என்ற அந்த ஒரு கேள்வியைத்தான் அவள் இத்தனை வருஷமும் யாரிடமும் கேட்டதில்லை. மருந்துக்கடையில் களிம்பை மட்டும் வாங்குவாள். பரவும் என்று சொல்லிவிட்டால்? பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகளுக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தால்? வீட்டில் தட்டு தனி, துண்டு தனி, படுக்கை தனி. மகள் ஓடிவந்தால், "அம்மா இன்னும் குளிக்கல கண்ணு" என்று விலகிக்கொள்வாள்.

தோல் மருத்துவமனையில் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். போன வாரம் அரிப்பு எவ்வளவு படுத்தியது? பரவாயில்லை. நாலு பேர் முன்னால் கூச்சமாக இருந்ததா? பரவாயில்லை. தோலை மறைக்கத் துணியை மாற்றி உடுத்தினீர்களா? சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டே, பரவாயில்லை என்றாள். உண்மையைச் சொன்னால் அது நேரே நிர்வாகி அம்மாள் காதுக்குப் போய் நிற்கும் என்று பயந்தாள்.

"வீட்டுல நெருங்கினவங்களோட இருக்கிறதுல சங்கடம் உண்டா?"

மகளின் முகம் வந்து நின்றது. "பரவாயில்லை" என்றாள். பாதிதான் வெளியே வந்தது.

டாக்டரம்மா தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தாள்படி உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, முட்டை மார்க்கு. ஆனா நகக்கண்ணுல ரத்தம் காஞ்சிருக்கு. தோல நான் பாத்துடுவேன்மா. அது உங்க வாழ்க்கைய எவ்வளவு தின்னுதுன்னு நீங்க சொன்னாத்தான் தெரியும். அதுக்குத் தகுந்த வைத்தியம் பண்ண முடியும். நீங்க சொல்றது இந்த ரூம விட்டு வெளிய போகாது."

"பரவுமா டாக்டர்?" கேட்டுவிட்டு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பரவாது. இது எக்ஸிமா, ஒருவித தோல் அழற்சி. கட்டிப்பிடிச்சாலும், ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

சந்தோஷம் உடனே வரவில்லை. தள்ளித் தள்ளி நிறுத்திய மகள்தான் நினைவுக்கு வந்தாள். நர்ஸ் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். இந்தத் தடவை ஒரு இடத்திலும் பரவாயில்லை வரவில்லை. மார்க்கு ஏறியது, மருந்து மாறியது. புண் ஆறும் வரை கையை ஈரத்தில் விடக்கூடாது, குளிப்பாட்டும் வேலையை வேறொருத்தர் பார்க்கட்டும் என்றும் டாக்டரம்மா சேர்த்து எழுதிக்கொடுத்தார்.

நிர்வாகி அம்மாள் சீட்டை வாய்விட்டுப் படித்துவிட்டு, வேலைக்கு வா என்று மட்டும் சொன்னாள். சமையல்காரம்மா இன்னும் இரண்டடி தள்ளியே நின்றாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரே காப்பகத்துக்கு வந்த மகள், வழக்கம்போல வாசலிலேயே நின்று கேட்டாள்.

"குளிச்சிட்டியாம்மா?"

"இல்லடி. வா."

பிள்ளை நம்பாமல் பார்த்தது. பிறகு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. தினமும் காதில் விழுந்த அந்தக் கேள்வியின் அர்த்தம் சமையல்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கிட்டே வந்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்தாள்.

"வியாதி பரவலடி, எங்க பயம்தான் பரவிச்சு. கேட்டுத் தெரிஞ்சுக்காம ஒருத்தர ஒதுக்குறது பாவம். நீயும் இனிமே வலிக்கிறத பரவாயில்லைன்னு மூடிவெக்காத."