கீழ்க்குகை

எங்கள் வம்சத்துத் தலைவர் ஒருவரின் எலும்புகள் எங்கள் தீவில், கோனா கரையோரத்து எரிமலைப் பாறை வெளியில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இடம் தலைமுறைக்கு ஒருவருக்கே தெரியும். என் தலைமுறையில் எனக்கு. நான் சாகுமுன் என் மகனுக்குச் சொல்ல வேண்டும். அவன் வாடகை தாங்காமல் லாஸ் வேகாஸுக்குப் போய்ச் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் வேலை பார்க்கிறான். திரும்ப மாட்டான். இங்கே இருப்பவள் தம்பி மகள் கலுஹி. நல்லவள், ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவள். பேசுகிறவர்களிடம் இதைக் கொடுப்பதில்லை.

புதிய ஓட்டலுக்குச் சாலை போட வந்தார்கள். வழியில் இரண்டு குகைகள். எதில் எங்கள் ஆள் இருக்கிறார் என்று வாரிசுகள் சொன்னால் அதை விட்டுச் சுற்றிப் போவதாகவும், மற்றதை மூடி அதன்மேல் சாலை போடுவதாகவும் அரசாங்க அதிகாரி சொன்னார்.

ஓட்டல்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ராஜ வம்சமா? போன வாரம் கூட ரெண்டு ராஜா வந்துட்டுப் போனாங்க."

"அவங்க உங்ககிட்ட சம்பளம் வாங்கி விருந்துல வேஷம் கட்டி ஆடுற ராஜாங்க," என்றாள் கலுஹி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, வாயத் திறங்க. ஒரு வார்த்தை போதும்."

நான் திறக்கவில்லை. கேட்பவன் யாரானாலும் சொல்வதில்லை என்று என் அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னவன் நான்.

அவள் பொறுக்க மாட்டாமல் மேல்குகையைக் காட்டினாள். வருஷா வருஷம் நான் அங்கே பச்சை இலையில் உப்பு வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாளாம்.

அது ஊர்க் கண்ணை ஏமாற்ற என் தாத்தா தொடங்கிய வழக்கம். மேல்குகையில் எதுவும் இல்லை.

"சரிதானா ஐயா?" என்று அதிகாரி கேட்டார்.

இல்லை என்றால் மிச்சம் ஒரே குகைதான். இடம் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்த எலும்பை எடுத்துப் போய் அளக்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்களும் உண்டு. நான் தலையை அசைத்தேன்.

"காப்பாத்திட்டோம் பெரியப்பா," என்று கலுஹி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

கீழ்க்குகையில் கல்லைக் கொட்டி நிரப்பியபோது நான் வீட்டிலேயே இருந்தேன். அங்கே போய் நின்றால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். உயிரோடிருந்தபோது அவர்மேல் பிறர் நிழல் விழுந்தாலே குற்றம். இப்போது அவர்மேல் சுற்றுலாப் பேருந்துகள் ஓடுகின்றன.

போன மாதம் கலுஹி என்னை மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப் போனாள். அந்தச் சாலைதான் பக்கமாம். வேண்டாம் என்றால் ஏன் என்பாள்.

"என்ன பெரியப்பா, கால ரெண்டையும் தூக்கி வச்சிருக்கீங்க?"

"மூட்டு வலி," என்றேன்.

"அப்ப இனிமே எப்பவும் இப்படியே வந்துரலாம். ரோடு குலுங்கவே இல்ல பாருங்க," என்றாள்.