பட்டாணியின் டம்ளர்

“நிறுத்துண்ணா! சைக்கிள நிறுத்து!”

நிற்பதற்குள் வாலு குதித்துவிட்டாள். விழுந்த வேகத்தில் முட்டி சிராய்த்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

“அந்தத் தெருவ நேத்தே பாத்தாச்சுடி!” அண்ணன் பின்னாலிருந்து கத்தினான்.

“உனக்குக் காது அடைச்சுப் போச்சா? கேளு!”

டிங் டிங்... டிங். டம்ளரில் கரண்டி தட்டும் சத்தம்.

அவர்கள் வீட்டில் பூனைகள், முயல்கள், வாயாடிக் கிளி ஒன்று, நொண்டி நாய் ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் அடிதடி ஆகாமலிருக்க அப்பா ஆளுக்கொரு சத்தம் பழக்கச் சொல்லியிருந்தார். பூனைகளுக்குக் கைதட்டல். முயல்களுக்கு டப்பா உலுக்கல். முந்தாநாள் காணாமல் போன நாய் பட்டாணிக்கு இந்த டம்ளர் தாளம். நாய்க்குப் பழக்கியவள் வாலு. வெளியாள் எவருக்கும் தெரியாது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மருந்துக்கடைக்காரர் டம்ளரும் கையுமாக நின்றார். காலடியில், தட்டுக்குள் தலையை விட்டபடி பட்டாணி!

“நாய் திருடன்! நாய் திருடன்!”

“மெதுவா பாப்பா, என் மானம் போகுது. டம்ளரோட சேத்து உங்க வீட்லேந்துதான குடுத்தாங்க? நீயும் சரின்னுட்டதா சொன்னாங்களே?”

டம்ளரின் விளிம்பைப் பார்த்தாள். அவள் கைதவறிப் போட்டதில் விழுந்த நசுங்கல். சட்டென்று திரும்பினாள்.

கேட்டோரம் அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுக்காரர் ஒண்ணையாவது குறைங்கன்னுட்டாரு, வாலு. எல்லாரும் உக்காந்து பேசினோம். அம்மா பூனைய விடல. அப்பா கிளிய விடல. என் முயலுங்க...”

“எனக்காக ஒருத்தர்கூடவா வாயத் தொறக்கல?”

“நீ பள்ளிக்கூடத்துல இருந்த. அங்க இல்லாதவ நீ ஒருத்திதான்.”

“அப்புறம் எதுக்கு என்னை வச்சு ஊரெல்லாம் மிதிச்ச?”

இந்தத் தெருமுனை வந்தபோதெல்லாம் அவன் ஹேண்டிலைத் திருப்பியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். “பட்டாணி, வாடா. வீட்டுக்குப் போலாம்.”

நாய் தலை தூக்கியது. வாலை ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. அவளைத் தாண்டிப் போய் அண்ணனின் சட்டைப் பையை முட்டி மோந்தது.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். “பிஸ்கட் தேடுது. காலைலகூட இந்தத் தம்பி வந்து போட்டுட்டுப் போச்சே! இதத் தூக்கிட்டு வந்து, டம்ளர் தட்டக் கத்துக் குடுத்ததே தம்பிதான!”