சின்ன ஓட்டைகள்

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதையும் கிட்டத்தில் போய்ப் பார்க்காமல் விடமாட்டாள். வைரஸ் பரிசோதனைகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு டாக்டர். மாடியில், பிறந்த குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பு அவளுடைய நாத்தனார். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் வருவார்கள். யார் சொன்னது சரி என்கிற வழக்கு வழி முழுக்க ஓடும். இதுவரை தீர்ப்பு வந்ததில்லை.

அன்று காலை போனில் நாத்தனாரின் குரலில் வழக்கமான சீண்டல் இல்லை.

"அண்ணி, அந்த ஹெர்பிஸ் வைரஸ் தொத்தின குழந்தை. மருந்து வைரஸைக் கொல்லுதுன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. குழந்தையோட உடம்பு அப்படிச் சொல்லல. கண்ணுக்குப் பக்கத்துல புதுசா கொப்புளம். பாலும் குடிக்க மாட்டேங்குது."

"மருந்து அளவு சரியாப் போகுதா, பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு. நீங்க உங்க தட்டைப் பாருங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. என் தட்டுக்கு என்ன குறை என்று முணுமுணுத்தபடியே, அந்தக் குழந்தையின் வைரஸை வளர்த்த பழைய தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். அதன் அடியில் உயிரணுக்கள் பாய் விரித்த மாதிரி பரவியிருக்கும். வைரஸ் அவற்றைத் தின்றுகொண்டே போகும். தின்ற இடம் ஓட்டையாகத் தெரியும். பெரிய ஓட்டையிலிருந்து எடுத்துத்தான் அவள் மருந்தைச் சோதித்திருந்தாள். எல்லா லேபிலும் அதுதான் பழக்கம். நன்றாக வளர்ந்ததை விட்டுவிட்டு நோஞ்சானை யார் எடுப்பார்கள்?

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தபோது நோஞ்சான்கள் தெரிந்தன. பெரிய ஓட்டைகளுக்கு நடுவே, ஊசியால் குத்தினாற்போல, சின்னச் சின்னதாக.

அவளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இந்த மருந்து தானாக விஷமாவதில்லை. வைரஸ் தன்னிடமுள்ள ஒரு நொதியால் அதைத் தொட்டால்தான் விஷமாகி, வைரஸையே கொல்லும். அந்த நொதியையே தொலைத்துவிட்ட வைரஸை மருந்து ஒன்றும் செய்யாது. ஆனால் அது மெதுவாகத்தான் வளரும். அடடா, இதுவல்லவோ தந்திரம் என்று மனசு குதித்தது. மாடியில் ஒரு சிசு உயிருக்குப் போராடும்போது தனக்கு என்ன குஷி வேண்டிக்கிடக்கிறது என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

சின்ன ஓட்டைகளிலிருந்து எடுத்து, மருந்து கலந்த புதுத் தட்டில் இட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

"என் ரிப்போர்ட்டை நம்பாதே. தப்பானதைச் சோதிச்சுட்டேன். மருந்துக்கு மசியாத இன்னொரு வகையும் இருக்கு போல."

எதிர்முனையில் கேலி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அடுத்த மருந்து கிட்னியைப் பதம் பாக்கும், அண்ணி. உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியாச் சொல்ல ரெண்டு மூணு நாளாகும்."

"அதுவரைக்கும் குழந்தை தாங்காது. இப்போ உங்களுக்கு என்ன தோணுது?"

"மாத்திடு," என்றாள்.

புதுத் தட்டில் சின்ன ஓட்டைகள் மருந்தைச் சட்டை செய்யாமல் வளர்ந்தன. மாடியில் குழந்தைக்குச் சிறுநீர் போகிறதா என்று மணிக்கு மணி பார்த்தார்கள். போனது. கொப்புளங்கள் காய்ந்தன. ஒருநாள் குழந்தை பாலுக்கு அழுதது.

அன்றைக்குத்தான் அவள் மாடிக்குப் போனாள். குழந்தையின் அம்மா, கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொட்டிலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"இது என்கிட்டேருந்துதான் வந்ததுன்னாங்க. அதான் கிட்டவே போகல," என்றாள்.

பூதக்கண்ணாடிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல வந்தது உங்ககிட்டேருந்து இருக்கலாம். அது உங்களுக்கே தெரியாம வர்றது. அதை மருந்து கொன்னுடுச்சு. இவ்வளவு பாடு படுத்தினது வேற. மருந்து உள்ளே போனப்புறம் குழந்தை உடம்புல தலையெடுத்தது. அதைக் கவனிக்காம விட்டது நான்."

அந்தப் பெண் கோபப்படுவாள் என்று இவள் தயாராக இருந்தாள்.

"அப்போ நான் தூக்கலாமா?"

"கையைக் கழுவிட்டு, தாராளமா."

அந்தப் பெண் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அவள் திரும்பவும் சோப்பை எடுத்தாள்.

"போதும்மா," என்று பூதக்கண்ணாடி எழுந்துவந்து குழாயை மூடினாள். "கை சுத்தமாத்தான் இருக்கு."