ஓடாத காரின் கிலோமீட்டர்

ஏழு வருடமாக ஒரு தடவைகூடக் கிளப்பப்படாத சிவப்புக் கார், பூட்டிய ஷெட்டுக்குள் நின்றபடியே நாளுக்கு எட்டு கிலோமீட்டர் ஓடத் தொடங்கியது. உலகம் முழுக்க அந்த மாடலில் இருநூறு கார்கள்தான் செய்தார்கள். பன்னிரண்டு சிலிண்டர், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. அதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து ஏங்கி வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். முதலாளியும் அவர்களில் ஒருவர். ஆனால் அவர் அதை வாங்கியது ஓட்டுவதற்கு அல்ல. பிறந்ததிலிருந்து அறுபத்தொரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, அதற்காகவே வாங்கினார். ஓடாத காருக்குத்தான் மதிப்பாம். டயர் தரையில் படாமல் நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கார் சங்கத்துக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீட்டரை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவார்கள்.

அந்தக் காரைத் துடைத்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் வேலை. நாலு கிலோமீட்டர் நடந்து வருவாள், நாலு கிலோமீட்டர் நடந்து போவாள். அவள் இருந்த பக்கம் பஸ் கிடையாது. காருக்கு ராப்பகலாக ஏசி. அவள் உட்கார்ந்து சாப்பிடும் பின்படிக்கட்டில் நிழல்கூடக் கிடையாது. சொல்லும்போதே வயிறு எரிகிறது. ஒரு மழை நாளில், முட்டி வீங்கிவிட்டது, போகிற வழியில் இறக்கிவிட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டாள். தினமும் ஓட்டுகிற சாதாரணக் காரில்தான் கேட்டாள். சீட் நனைந்துவிடும் என்றார் அவர். மறுநாளிலிருந்து சிவப்புக் காரின் மீட்டர் நகர்ந்தது.

அடுத்த மாதம் சங்கத்துக்காரர்கள் வந்தபோது மீட்டர் இருநூற்று அறுபத்தொன்பதைக் காட்டியது. ஒருவர் வாய்விட்டு அழுதார். இத்தனைக்கும் அக்கா அதே இடத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முதலாளி இன்னொரு பூட்டுப் போட்டார், கேமரா வைத்தார், கடைசியில் மெக்கானிக்கை வரவழைத்தார். டேங்க் வறண்டிருந்தது, பேட்டரி செத்திருந்தது. ஆனாலும் என்ஜின் ஆயில் கறுத்திருந்தது, டயர்கள் தேய்ந்திருந்தன, இடது முன்டயர் கொஞ்சம் அதிகமாக. மெக்கானிக் ஒரு வாரம் வந்துபோனார். அக்காவுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டு நாளும் மீட்டர் அசையவில்லை. மறுநாள் அவள் இடது காலில் அழுத்தி நொண்டி வருவதைப் பார்த்தார்.

“சார், இதை ஓட்டுறது உங்க வீட்டு அக்காதான்,” என்றார்.

உடனே முதலாளி அவளை ராத்தங்கி வேலை செய்யச் சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு யார் சோறு ஊட்டுவது என்று அவள் கேட்டதற்கு, வேலையை விட்டே நிறுத்தினார். அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போனாள். அது ஏழு கிலோமீட்டர். மீட்டர் நாளுக்குப் பதினாலு ஓடியது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முதலாளி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, நீ நடக்கவே வேண்டாம். வேற கார் அனுப்புறேன், அதுல போயிட்டு வா.”

“என் முட்டி தேஞ்சப்ப உங்க கண்ணுக்குத் தெரியல, டயரு தேஞ்சதும் ஓடி வர்றீங்களா?” அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது. “வேற காரெல்லாம் வேண்டாம். அது என் காலுல ஓடுற காரு. வந்தா அதுலதான் வருவேன். நான் நடந்தாலும் மீட்டரு ஓடும், ஏறினாலும் ஓடும். அப்புறம் நான் எதுக்கு சார் நடக்கணும்?”

அவர் மூன்று நாள் யோசித்தார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஏறியது. நாலாம் நாள் மெக்கானிக் முட்டுகளை எடுத்து, ஆயில் மாற்றி, புது பேட்டரி போட்டார். அந்தக் காருக்குள் உட்கார்ந்து முதலாளி அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாவியைத் திருப்பினார். தெரு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு அந்தச் சிவப்புக் கார் அவள் தெருமுனையில் வந்து நிற்கிறது. கதவு தாழ்வு என்பதால் முதலாளி இறங்கிவந்து கைகொடுத்து ஏற்றிவிடுகிறார். தெருவில் யாரும் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து ஏறி உட்கார்ந்தவள், “அப்படியே என் தங்கச்சி வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம் சார்,” என்றாள். தங்கை வீடு முப்பது கிலோமீட்டர். அவர் வண்டியைத் திருப்பினார்.