பரவாயில்லைங்களா

அந்த மெட்டடார் வேன் முன்பு பால் வண்டியாக ஓடியது. பீளமேட்டில் சில வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு தர்ம டிரஸ்ட் அதை வாங்கி, வெள்ளையடித்து, கூரையில் சுழல் விளக்கை வைத்து ஆம்புலன்ஸ் ஆக்கியிருந்தது. உள்ளே இடது பக்கம் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டைகள். ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் அவற்றில் ஏறி உருண்டுபோய், கடைசியில் ஒரு கொக்கியில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். அந்த 'டக்' காதில் விழாமல் வண்டியை எடுக்கக் கூடாது. எடுத்தால் முதல் பிரேக்கிலேயே நோயாளி டிரைவரின் முதுகுக்கு வந்து சேர்ந்துவிடுவார். வலது பக்கம் ஒரு நீளப் பெஞ்சு, அதன் அடியில் ஆக்சிஜன் சிலிண்டர். படுத்து வர ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் உட்கார்ந்து வரவேண்டும்.

வண்டியின் பின்பக்கம் சுஃப்யானுடையது. கோட்டைமேட்டுக்காரன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் ஏழெட்டு வருஷம் கட்டுப் போட்டும் தையலுக்குக் கை கொடுத்தும் தொழில் பழகியவன். சர்ஜன் லட்சுமிநாராயணன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, டிரஸ்டில் சேர்த்தும் விட்டார். மதுரைக்காரரான டாக்டர் முதல் நாளே சொன்ன பாடம் ஒன்று உண்டு: "கத்துறவனுக்கு மூச்சு இருக்கு, தெம்பு இருக்கு. நீ போனதும் சத்தமில்லாம இருக்கானே, அவனைப் பாரு முதல்ல."

வண்டியின் முன்பக்கம் டிரைவர் மாசாணத்துக்கு. சைரன் சுவிட்சு அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனாலும் அவசியப்பட்டால் ஒழிய தொடமாட்டார். "இதைப் போட்டா பஸ்காரன் நம்மளை ரேஸுக்குக் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்கறான் பாய். ஆரனே போதும்" என்பார்.

ஊருக்கெல்லாம் தெரிந்த அவசர நம்பர் என்று ஒன்று அந்தத் தொண்ணூற்று நாலில் புழக்கத்தில் இல்லை. ரோட்டோர எஸ்.டி.டி. பூத்துகளின் சுவரில் டிரஸ்டின் நம்பரைப் பெயிண்டில் எழுதிவைத்திருந்தார்கள். அன்று மதியம் கோவில்பாளையம் தாண்டி ஒரு பூத்திலிருந்து கூப்பிட்டவர், மொபெட்டில் போன புருஷன் பெண்டாட்டியை டெம்போ தட்டிவிட்டது, ஆம்பளை ஆளுக்குக் கால் போய்விட்டது, சீக்கிரம் வாருங்கள் என்றார். பெண்டாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சத்தி ரோட்டில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அந்த ஆளைச் சுற்றி நின்றது. அவர் பெயர் திருமலைசாமி. ஐம்பதை ஒட்டிய வயசு, அன்னூர்ப் பக்கம் தோட்டம். ரோட்டோரம் மல்லாந்து கிடந்து, அந்த வட்டாரத்துக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். வலது தொடை நடுவில் மடங்கியிருந்தது. யாரோ சோடா உடைத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுஃப்யானுக்கு டாக்டரின் பாடம் ஞாபகம் வந்தது. சத்தமில்லாத ஆள் எங்கே என்று திரும்பிப் பார்த்தான்.

அவர் பெண்டாட்டி பாவாத்தாள் பத்தடி தள்ளி மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேலையை இழுத்துக் கால்களை மூடி, சிதறிய பருத்திக்கொட்டையை ஒரு கையால் கோணிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். மொபெட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவர் இடப்பக்கமாக அந்த மைல்கல் மேலேயே விழுந்திருந்தார், அது சுஃப்யானுக்குப் பிறகுதான் தெரிந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வேறு காயம் கண்ணுக்குத் தெரியவில்லை.

சுஃப்யான் குந்தி உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். நாடி கொஞ்சம் வேகம். இப்படி விழுந்து எழுந்தால் யாருக்கும் அவ்வளவு வேகம் இருக்கும்.

"பரவாயில்லைங்களா அக்கா?"

"பரவாயில்லைங்க தம்பி. எனக்கு ஒண்ணுமில்லைங்க. அவியளைப் பாருங்க, பாவம், வலி தாங்கமாட்டாங்க."

அவன் அவியளைப் பார்க்கப் போனான்.

தொடை எலும்பு உடைவது சாதாரண விஷயமில்லை. மனித உடம்பிலேயே பெரிய எலும்பு அது. உடைந்தால் சுற்றியுள்ள தசைக்குள் ரத்தம் கசியும். தொடை பெரிய பாத்திரம். ஒரு லிட்டருக்கு மேலே கூட உள்ளுக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும், தரையில் ஒரு சொட்டுத் தெரியாது. அதனால் சுஃப்யானுக்குப் பயம் முழுக்க அந்தத் தொடையில்தான் இருந்தது. கட்டுப் போடும் மரச்சட்டம் இரண்டை எடுத்தான். வெளிச்சட்டம் அக்குளிலிருந்து பாதம் வரை, உள்சட்டம் கவட்டிலிருந்து பாதம் வரை. உடைந்த இடத்துக்கு மேலே இருக்கும் மூட்டும் கீழே இருக்கும் மூட்டும் அசையாமல் இருந்தால்தான் எலும்பு நுனி உள்ளே எதையும் கிழிக்காது. மாசாணம் காலை நேராக இழுத்துப் பிடிக்க, அவன் துணியால் சுற்றிக் கட்டினான்.

"ஏனுங்க, என்னைக் கொன்னு போட்டுட்டுக் கட்டுங்க" என்று திருமலைசாமி அலறினார்.

"கொன்னா டிரஸ்ட்டுல கேள்வி கேப்பாங்கங்க" என்றார் மாசாணம், காலை விடாமல்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பாவாத்தாளும் லேசாகச் சிரித்ததைச் சுஃப்யான் பார்த்தான். பிற்பாடு அந்தச் சிரிப்புதான் அவனுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. சிரிக்கிறவருக்கு என்ன இருந்துவிடப் போகிறது என்று அந்த நிமிஷம் மனசு முடிவுகட்டிவிட்டது.

ஸ்ட்ரெச்சர் 'டக்' என்று மாட்டியது. பாவாத்தாள் தானாகவே நடந்து வந்து ஏறினார், கோணியை யாரோ பின்னாலேயே தூக்கி உள்ளே வைத்தார்கள். பெஞ்சின் முனையில் உட்கார்ந்து, புருஷனின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை இடுப்பின் இடப்பக்கம் முந்தானைக்குள் இருந்தது.

சரவணம்பட்டியில் அப்போது ஒரு சின்ன நர்ஸிங் ஹோம் இருந்தது. மதியத்தில் ஒரு சர்ஜன் அங்கே ஆபரேஷன் செய்ய வருவார். ஆனால் எலும்புக்கு ஆள் கிடையாது. எலும்பு என்றால் டவுனுக்குள்தான் போகவேண்டும். நர்ஸிங் ஹோம் போர்டு கண்ணுக்குத் தெரிந்ததும் மாசாணம் வேகத்தைக் குறைத்தார்.

"பாய், இங்க நிறுத்தோணுமா, நேராப் போயரட்டுமா?"

சுஃப்யான் தொடையைத் தொட்டுப் பார்த்தான். வீக்கம் கூடியிருந்தது, ஆனாலும் கால் விரல் நகத்தை அழுத்தி விட்டதும் வெளுத்த இடம் உடனே சிவந்தது. ரத்த ஓட்டம் இருக்கிறது, டவுன் வரை தாங்கும். அடுத்து பெஞ்சுப் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்குப் பரவாயில்லைங்களா அக்கா?"

"எனக்குப் பரவாயில்லைங்க தம்பி. அவியளைச் சீக்கிரம் கொண்டுபோயரலாங்க. என்னால வண்டி நிக்க வேண்டாமுங்க."

"நேராப் போங்கண்ணா" என்றான் சுஃப்யான்.

கணபதியில் மாட்டிக்கொண்டார்கள். மில் சங்கு ஊதி ஷிஃப்ட் விட்ட நேரம். சைக்கிள்களும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுமாக ரோடு அடைத்துக் கிடந்தது. மாசாணம் சைரன் சுவிட்சையே போட்டுவிட்டார். திருமலைசாமி அலறி ஓய்ந்து முனக ஆரம்பித்திருந்தார். அந்த அமைதியில்தான் பாவாத்தாள் பேசியது சுஃப்யானுக்குக் கேட்டது.

"தம்பி, தண்ணி இருக்குங்களா? இல்லாட்டி வேண்டாமுங்க."

"டாக்டர் பார்க்கற வரைக்கும் குடிக்கக் கூடாதுங்கக்கா."

"செரிங்க, செரிங்க." கொஞ்சம் பொறுத்து ஒரு கொட்டாவி விட்டார். கையால் வாயை மறைத்துக்கொண்டார். "இந்தத் தோள்ல என்னமோ புடிச்சாப்ல இருக்குதுங்க. காலைல மூட்டை தூக்குனனுங்க, அதுதானாட்ட இருக்குது."

"எந்தத் தோளுங்க?"

"இடதுங்க."

சுஃப்யான் சட்டென்று அவர் பக்கம் குனிந்தான். இதில் ஒரு விநோதம் இருக்கிறது, டாக்டர் அவனுக்குப் படம் போட்டே விளக்கியிருந்தார். இடப்பக்கம் விலா எலும்புக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. கைப்பிடி அளவுதான், ஆனால் பஞ்சு மாதிரி ரத்தத்தில் ஊறிக்கிடக்கும் உறுப்பு. அது கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள் தேங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் திரையின் அடிப்பக்கத்தை உறுத்தும். அந்தத் திரைக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் அதே இடத்தில்தான் புறப்படுகிறது. கீழேயிருந்து வரும் சேதி எங்கேயிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் வயிற்றில் கசியும் ரத்தத்துக்குத் தோள் வலிக்கும். தாகம், உடம்பில் ரத்தம் குறைவதற்கு அடையாளம். கொட்டாவி, மூளைக்குக் காற்றுப் போதாததற்கு. ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்.

நாடியைப் பிடித்தான். விரலுக்கடியில் நூல் மாதிரி ஓடியது, சில நேரம் அதுவும் இல்லை. நெற்றி ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. அவரை வண்டித் தரையில் படுக்கவைத்து, பருத்திக்கொட்டைக் கோணியைக் காலடியில் வைத்துக் கால்களை உயர்த்தினான். சிலிண்டரைத் திறந்து மூக்கில் மாஸ்க்கை வைத்தான். வயிற்றைத் தொட்டான், பலகை மாதிரி இறுகியிருந்தது.

"அண்ணா, திருப்ப முடியுமா? சரவணம்பட்டிக்கு."

மாசாணம் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் ரெண்டு பஸ். "எங்க பாய் திருப்பறது?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

"ஏனுங்க, பாவாத்தாளுக்கு என்னாச்சுங்க?" ஸ்ட்ரெச்சரில் கட்டிப்போட்ட திருமலைசாமியால் தலையைத் தூக்கித் தரையைப் பார்க்க முடியவில்லை. "பாவாத்தா, ஏம் பிள்ளே?"

மாஸ்க்குக்குள் பாவாத்தாளின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சுஃப்யானுக்குக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் லட்சுமிநாராயணன் அவரை நேராகத் தியேட்டருக்கு எடுத்துப்போனார். வயிற்றைத் திறந்து, கிழிந்ததைப் பிடித்துக் கட்டுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் வெளியே வந்து வாஷ்பேசினில் வெகுநேரம் கை கழுவினார். சுஃப்யான் பக்கத்தில் நின்றான்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. "நீ முதல்ல அந்த அம்மாவைப் பாக்கலையா?"

"பாத்தேன் சார். முதல்ல அவங்ககிட்டத்தான் போனேன்."

"என்ன கேட்ட?"

"பரவாயில்லைங்களான்னு கேட்டேன் சார்."

டாக்டர் குழாயை மூடினார். "எங்க ஊர்ல தலைவலின்னா தெருவையே கூட்டிருவாங்க. இங்க வந்த புதுசுல எனக்கே புரியல. 'பரவாயில்லைங்களா'ன்னா 'பரவாயில்லைங்க'. சாப்பாடு சரியில்லைன்னாலும் அதுதான், கை ஒடிஞ்சாலும் அதுதான். நீ கேள்வி கேக்கலடா சுஃப்யான். பதிலையும் நீயே சொல்லிட்ட. அந்தம்மா மரியாதைக்குத் திருப்பிச் சொன்னாங்க."

திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். டாக்டர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை அவன் பல நாள் புரட்டிப் பார்த்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கலாம். எந்தப் பக்கம் விழுந்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். வாயால் கேட்காமல் கையை வயிற்றில் வைத்திருந்தாலே போதும். வீட்டில் உம்மாவிடமும், டீக்கடைக்காரர் கரீம் பாயிடமும், நாளில் எத்தனை தடவையோ அவன் கேட்கிற, சொல்கிற வார்த்தை அது. கருவிப்பெட்டியில் கத்தரிக்கோல் மாதிரி அதுவும் கிடந்திருக்கிறது. அது மழுங்கிப்போயிருந்தது கையில் எடுத்தபோது தெரியவில்லை.

திருமலைசாமியைப் பார்க்க அவன் போகாமலே காலம் கடத்தினான். கடைசியில் ஒரு மத்தியானம் எலும்பு வார்டுக்குப் போனான். அவர் கால் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி ஏற்றி, அதில் கயிறு கட்டி, கட்டில் முனையில் கப்பி வழியாக இறக்கி, நுனியில் செங்கல் தொங்கவிட்டிருந்தார்கள். தொடைத் தசை எலும்புத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கும். செங்கல் எதிர்ப்பக்கம் இழுக்கும். வாரக்கணக்கில் அந்த இழுபறி நடந்தால் எலும்பு நேராகக் கூடும். அந்தச் செங்கலால்தான் அவர் பெண்டாட்டிக்குக் கொள்ளிவைக்கப் போகமுடியவில்லை. தம்பி மகன் வைத்தானாம்.

"வாங்க தம்பி, உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?" என்றார் அவர். படுத்த படுக்கையிலும் பக்கத்துக் கட்டில்காரரின் ஃபிளாஸ்க்கைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"வேண்டாமுங்க."

சுஃப்யான் கட்டிலோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க தம்பி, வண்டில அவளுக்கு வலி இருந்துச்சுங்களா? நான் கத்துன கத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. வலி இல்லாமப் போயிட்டாள்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்கதான் கூட இருந்தீங்க."

இல்லைங்க என்று சொன்னால் முடிந்துவிடும். பொய்கூட இல்லை, ஒண்ணுமில்லைங்க என்று பாவாத்தாளே சொன்னதுதான். சுஃப்யான் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இருந்துச்சுங்க. ரொம்ப இருந்திருக்கோணும். அவங்க சொல்லலைங்க. நான் கேட்ட மொறை சரியில்லைங்க. சரவணம்பட்டில நிறுத்தியிருந்தா அங்க டாக்டர் இருந்தாருங்க. நிறுத்தலாமான்னு டிரைவர் கேட்டாரு. நாந்தான் நேராப் போகச் சொன்னேன்."

திருமலைசாமி அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கப்பியில் கயிறு ஒருமுறை கிறீச்சிட்டது.

"பரவாயில்லைங்க தம்பி" என்றார்.

சுஃப்யான் அவர் முகத்தைத் தேடினான். அவர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த கை, கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது, கணுக்கள் வெளுத்திருந்தன. அந்த மணிக்கட்டைத் தொட அவன் விரல்கள் தாமாகவே நீண்டு, பாதியில் நின்றுவிட்டன.