பின் சக்கரத்துப் பேரிங்

என் வீட்டுக்காரர் அந்தப் பழைய கார் மேல் வைத்திருக்கும் பாசத்தில் பாதியை மனுஷர்கள் மேல் வைத்திருந்தால் எங்கள் வீடு உருப்பட்டிருக்கும். சின்னவன் நாளை விடிந்ததும் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு அதில்தான் வேலைக்குச் சேரும் ஊருக்குப் போகிறான். பின் சக்கரமோ உறுமிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றேன்.

"அவன் பொறக்கும் முன்னாடி வந்த வண்டி. அவனுக்கு என்ன தெரியும்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பெரியவனுடைய பைக் பிரேக்கையும் இவர்தான் வீட்டிலேயே பார்த்துக் கொடுத்தார். இறக்கத்தில் அது பிடிக்கவில்லை. பிள்ளை போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை, நான் உட்பட.

கொட்டகையில் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, அச்சுத்தண்டை வெளியே உருவினார். பேரிங்கை நகரவிடாமல் பிடித்திருந்த இரும்பு வளையத்தைக் இரும்பறுக்கும் கை கிரைண்டரால் அறுத்து, தேய்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்தார். கூடமாட நின்றது நான். புது பேரிங் தண்டில் லேசில் ஏறக் கூடாது, அடித்துத்தான் இறக்க வேண்டும். இது சோப்புக் கையில் வளையல் போவது போலப் போயிற்று. தண்டே தேய்ந்து மெலிந்திருந்தது.

"என்னங்க, தண்டு போச்சு. வேற வாங்கணும்."

"இந்த வண்டிக்கா? எங்க கிடைக்கும், சொல்லு!"

கூரான உளியை வைத்துத் தண்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தினார். குத்தின இடமெல்லாம் மேடிட்டு, பேரிங் இறுக்கமாக ஏறியது.

"பாத்தியா, எப்படி பிடிச்சுக்கிச்சு!"

"எவ்வளவு தூரத்துக்கு?"

"அதெல்லாம் தாங்கும்."

புது வளையத்தைச் சூட்டில் விரியவைத்து ஏற்ற அடுப்படிக்குப் போனார். அதுவும் அதே மெலிந்த தண்டில்தான் நிற்க வேண்டும். நழுவினால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் தண்டோடு கழன்று வந்துவிடும். இவருக்கா தெரியாது? உள்ளே குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.

கிரைண்டரை எடுத்தேன். தண்டின் நடுவில் வைத்து அழுத்தினேன். பொறி பறந்தது.

இடுக்கியில் வளையத்தோடு ஓடி வந்தார். "ஏய், பைத்தியமா உனக்கு?"

பாதிக்கு மேல் அறுபட்டிருந்தது. இனி எந்த வித்தையும் பலிக்காது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். வளையம் ஆறிக் கறுக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "டேய், வண்டி ஓடாது. பஸ்ஸுக்குப் பாரு," என்று கத்தினார்.

தரையில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குச் சொல்லிட்டே."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்?" அறுபட்ட இடத்தை விரலால் தடவினார். "பெரியவன் கேட்டான்டி. 'அப்பா, பிரேக் சரியா இருக்கா'ன்னு. சந்தேகமாத்தான் இருந்துச்சு. இருக்குன்னுட்டேன்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோளில் ஒரு கை வைத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.