முதல் ஆளாக வந்த லாரி

பெரம்பலூர் கம்ப்யூட்டர் ஆபீஸில் மணிமொழி எழுதிய முதல் புரோகிராமே படுத்துவிட்டது. அரியலூர் சுண்ணாம்புக்கல் யார்டில் லோடு ஏற்ற வரும் லாரிகளின் டோக்கன் எண்ணை அதில் ஏற்றுவார்கள். முதலில் வந்த எண் உச்சியில் நிற்கும். அடுத்து வருவது சின்ன எண்ணானால் இடப்பக்கம், பெரியதானால் வலப்பக்கம் என்று மரமாகக் கிளை விரியும். ஆனால் யார்டில் டோக்கனை ஒன்று, இரண்டு என்று வரிசையாகத்தானே கிழிக்கிறார்கள்? எல்லா எண்ணும் வலப்பக்கமே தொங்கி, மரம் கயிறாகிவிட்டது. ஒரு லாரியைத் தேட உச்சியிலிருந்து அடிவரை இறங்க வேண்டும். யார்டுக்காரர்கள் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

"மரத்த அப்பப்ப சரிபண்ணி நிமுத்தணும் சார், ஒரு வாரம் குடுங்க," என்றாள் மணிமொழி. "நம்பரு கலைஞ்சு வந்தா இந்தத் தொல்லையே இருக்காது."

கடைசி வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம். முதலாளி ராஜராஜன் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"அட, இதுக்கா ஒரு வாரம்? டோக்கன சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுக் குடுக்கச் சொன்னாப் போச்சு!"

மகா மூளை! புரோகிராம் லாரிகளைக் கூப்பிடுவது எண் வரிசையில். இடப்பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் உச்சி, அப்புறம்தான் வலப்பக்கம். எண்ணைக் கலைத்தால் முதலில் வந்தவன் கதி? மணிமொழிக்குத் தெரியும். ஆனால் அவள் வேலை நிரந்தரமாவது இந்தப் புரோகிராம் ஒன்றில்தான் இருந்தது. "சரி சார்," என்றாள்.

மறுநாள் யார்டில் திரைக்கு முன் உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். உச்சியில் நின்ற எண் 210. அவள் அப்பா பூமாலை ஓட்டும் வண்டி. ஆண்டிமடத்திலிருந்து விடியுமுன்னே வந்து முதல் ஆளாக நின்றிருக்கிறார். இன்னொரு தடவை வெறும் வண்டியாகத் திரும்பினால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று லாரியின் சொந்தக்காரர் அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆடி அசைந்து பத்து மணிக்கு வந்தவனுக்கு ஒன்பதாம் எண் கிடைத்தது. லோடு ஏற்றிக்கொண்டு போயே விட்டான். டிரைவர்கள் கொதித்துப்போய் எடைமேடையை மறித்துக் கத்தினார்கள். பூமாலை மட்டும் கத்தவில்லை.

"சார், எங்கப்பா வண்டி காலையில மொதல்ல வந்தது சார். முன்னாடி விட்டுருங்க," என்று மணிமொழி கெஞ்சினாள்.

"உங்கப்பாங்கறதுக்காக மாத்துனா அப்புறம் எவன் நம்ம புரோகிராம நம்புவான்?" என்றார் ராஜராஜன்.

ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினார்கள். இடப்பக்கமே இன்னும் முடியவில்லை; உச்சியிலிருந்த 210-ஐக் கூப்பிடவே இல்லை.

"என்னா வேகம்! புரோகிராமு ஒரு எடத்துல நிக்கலயே!" ராஜராஜனுக்கு வாயெல்லாம் பல். "திங்கக்கெழமையிலேருந்து நீ பர்மனென்ட்டு."

மணிமொழி லாரியருகே போய் நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"வேல நெரந்தரமாயிடுச்சா பாப்பா?"

"ம்."

"அதுக்குத்தான் நான் சத்தம் போடல. ஒம் புரோகிராமாச்சே."

சீட்டுக்கு அடியிலிருந்து தூக்குவாளியையும் போர்வையையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இத வூட்டுக்குக் கொண்டுபோயிடு. வண்டிய விட்டுட்டு, சாவியக் குடுத்துட்டு, நான் பஸ்ல வந்துடுறேன்."